2 டிபி டிஸ்க் 1.81 காட்டுகிறதே, மீதி எங்கே போனது?

பாம்பனில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். இடம் கருதிச் சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி, சர்ச் திருவிழா, புதுப் படகு வெள்ளோட்டம் என்று மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரை வீடியோ எடுத்துக் கொடுக்கிறேன். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் செருகினால் 1.81 டிபி என்கிறது. திரும்பப் போய்க் கேட்டால் 'ஃபார்மேட் பண்ணும்போது அவ்வளவு போயிடும்' என்கிறார் கடைக்காரர். என் நண்பன் 'இது டூப்ளிகேட், ஏமாந்துட்ட' என்கிறான். அண்ணன் மகளின் மேக் லேப்டாப்பில் போட்டால் 2 டிபி காட்டுகிறது! என்னிடம் பழைய 1 டிபி டிஸ்க் இரண்டு இருக்கின்றன, இரண்டும் நிறைந்துவிட்டன. ஒவ்வொன்றும் 931 ஜிபி காட்டுகிறது. இரண்டையும் கூட்டினால் 1862 ஜிபி, அதாவது 1.862 டிபி. புது டிஸ்க் 1.81 தான். 50 ஜிபி இடிக்கிறதே, என்ன செய்வது? பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போகும் காட்சிகள், தூக்குப் பாலம் திறக்கும் காட்சிகள் எல்லாம் அதில்தான் உள்ளன. இன்னொன்று, ஒரு கஸ்டமருக்கு 61 ஜிபி கல்யாண வீடியோவை 64 ஜிபி பென்டிரைவில் போட்டால் இடமில்லை என்கிறது. 100 எம்பிபிஎஸ் நெட் போட்டேன், டவுன்லோடு 12-க்கு மேல் ஏறவே இல்லை. எல்லா இடத்திலும் குறைத்துத்தான் கொடுக்கிறார்களா?"

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பின்னால் வரட்டும். 2 டிபி டிஸ்க் விண்டோஸ் கம்ப்யூட்டரில் 1.81 என்றுதான் காட்ட வேண்டும், அதற்காக யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம். மேக் 2 என்று காட்டுவதும் சரி. உங்கள் பழைய டிஸ்க் இரண்டும் கணக்குப்படி புது டிஸ்க்கில் கொள்ளும், இடிக்கிறது என்று நீங்கள் சொல்லும் அந்த 50 ஜிபி உண்மையில் இல்லை, கணக்கில் நுழைந்த ஒரு பிசகு. இருந்தாலும் அப்படியே கொட்டி வைக்காதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். பென்டிரைவில் 61 கொள்ளாது. நெட் சரியாகத்தான் வருகிறது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஜிபி, டிபி என்று பேசிக்கொண்டே இருந்தால் இந்தக் குழப்பம் தீரவே தீராது. பைட்டில் எண்ணுங்கள் (கம்ப்யூட்டரில் இடத்தை அளக்கும் அடிப்படை அலகு அது), அதுவும் நமக்குப் பழகிய லட்சம் கோடியில் எண்ணுங்கள். கம்ப்யூட்டரில் அந்த டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால், கெப்பாசிட்டி என்ற வரியில் ஒரு நீளமான எண்ணும் அதற்குப் பக்கத்தில் 1.81 டிபி என்பதும் இருக்கும். எல்லோரும் அந்தச் சின்ன எண்ணைத்தான் பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியது அந்த நீளமானதை. டிஸ்க்கில் உண்மையில் எத்தனை பைட் இருக்கிறது என்று அதுதான் சொல்கிறது, விண்டோஸில் பார்த்தாலும் மேக்கில் பார்த்தாலும் அது மாறாது. 2 டிபி என்று விற்கப்படும் ஹார்டு டிஸ்க்கில் வழக்கமாக 20,00,39,89,34,016 பைட் இருக்கும், அதாவது 2,00,039 கோடி, 2 லட்சம் கோடிக்குக் கொஞ்சம் மேல். பார்ட்டிஷன் போட்ட பின் கடைசி இலக்கங்களில் கொஞ்சம் குறைந்து காட்டலாம். ஆனால் 2 லட்சம் கோடிக்குக் கீழே இறங்காது.

டிஸ்க் கம்பெனி 1 டெராபைட் (டிபி) என்றால் 1 லட்சம் கோடி பைட் என்று எடுத்துக்கொள்கிறது. 1 ஜிகாபைட் (ஜிபி) 100 கோடி, 1 மெகாபைட் (எம்பி) 10 லட்சம், 1 கிலோபைட் (கேபி) ஆயிரம். எல்லாம் ஆயிரம் ஆயிரமாகப் பெருகுகிறது, கிலோகிராம், கிலோமீட்டர் மாதிரியே. விண்டோஸ் அப்படி எண்ணுவதில்லை. அது 1024, 1024 ஆகப் பெருக்குகிறது. அதன் கிலோபைட் 1024, மெகாபைட் 10,48,576, ஜிகாபைட் 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824, டெராபைட் 1,09,951 கோடியும் சொச்சமும். இப்போது உங்கள் டிஸ்க்கின் 2,00,039 கோடியை 1,09,951 கோடியால் வகுத்துப் பாருங்கள், 1.819 வரும். மூன்றாவது இலக்கத்தை விண்டோஸ் வெட்டிவிடுவதால் 1.81. மேக் ஆயிரத்துக் கணக்கில் எண்ணுவதால் 2 என்றே காட்டுகிறது. ஆப்பிள் 2009-இல் ஸ்னோ லெப்பர்ட் பதிப்பிலிருந்து இப்படி மாறியது, அதற்கு முன்பு மேக்கும் 1024 கணக்கில்தான் காட்டிக்கொண்டிருந்தது.

உங்கள் ஊரில் இதைப் புரியவைப்பது எளிது. கடலுக்குப் போகிறவர்களிடம் 10 மைல் என்று கேட்டால் அது கடல் மைல், ஜிபிஎஸ் காட்டுவதும் அதுதான், ஒரு மைல் 1852 மீட்டர், ஆக 18.52 கிலோமீட்டர். ரோட்டில் பழைய ஆட்கள் சொல்லும் மைல் 1609 மீட்டர், பத்து மைல் என்றால் 16.09 கிலோமீட்டர்தான். இரண்டுக்கும் பெயர் மைல்தான், எந்த மைல் என்று சொல்லாமல் ஒருவர் கரையில் இருந்தும் ஒருவர் படகில் இருந்தும் கணக்குப் போட்டால் இரண்டரை கிலோமீட்டர் எங்கே போனது என்று தேட வேண்டியதுதான். யாரும் திருடவில்லை, கடலும் சுருங்கவில்லை.

இந்த 1024 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ரேம் போன்ற மெமரி சிப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முகவரி உண்டு, அந்த முகவரி 0, 1 என்ற இரண்டே நிலைகளால் ஆனது. முகவரிக் கம்பி ஒன்று கூடினால் இடம் இரட்டிக்கும். பத்துக் கம்பி இருந்தால் 2-ஐப் பத்து முறை பெருக்கி 1024 இடம். அது ஆயிரத்துக்கு மிக அருகில் இருந்ததால் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் கிலோ என்ற சொல்லையே எடுத்து வைத்துக்கொண்டார்கள். அப்போது மெமரியே சில கிலோபைட்தான், ஆயிரத்துக்கு 24 கூடுவதை யாரும் பொருட்படுத்தவில்லை. இன்றைக்கும் ரேம் 1024 கணக்கில்தான் விற்கிறது, நீங்கள் 8 ஜிபி ரேம் வாங்கினால் 858 கோடிக்கும் மேல் பைட் கிடைக்கிறது. ஹார்டு டிஸ்க்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வட்டத் தகட்டில் எத்தனை தடம், ஒரு தடத்தில் எத்தனை துண்டு என்று எண்ணினால் போதும், இரண்டின் அடுக்காக அமைய வேண்டிய அவசியம் அங்கே கிடையாது. 1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்க்கின் கொள்ளளவையே 50 லட்சம் எழுத்து என்று நேரான பத்தின் கணக்கில்தான் சொன்னார்கள். ஆகவே டிஸ்க் கம்பெனிகள் இடையில் அளவைக் குறைத்துவிட்டன என்று சிலர் சொல்வது நியாயம் இல்லை.

சிக்கல் எங்கே என்றால், வித்தியாசம் மேலே போகப் போகப் பெருகுகிறது. கிலோவில் 2.4 சதவீதம், மெகாவில் கிட்டத்தட்ட 4.9, ஜிகாவில் 7.4, டெராவில் ஏறக்குறைய 10, அடுத்து வரும் பெட்டாவில் 12.6. ஃபிளாப்பி ஓடிய காலத்தில் இதைப் பற்றி யாரும் கடைக்காரரிடம் சண்டை போடாததற்குக் காரணம் இதுதான். சொல்லப்போனால் 1.44 எம்பி ஃபிளாப்பி இரண்டு கணக்கிலும் சேராத ஒன்று, 1440-ஐ 1024-ஆல் பெருக்கி வந்த 14,74,560 பைட், அதை ஆயிரத்துக் கணக்கில் சொன்னால் 1.47, 1024 கணக்கில் சொன்னால் 1.41, இரண்டையும் கலந்து 1.44 என்று அட்டையில் அச்சடித்து ஒரு தலைமுறையே அதைப் படித்தது. அமெரிக்காவில் இந்தக் கோபத்தில் வழக்கே போட்டார்கள். டிஸ்க் கம்பெனிகளில் 2006-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலும் 2007-இல் சீகேட்டும் சமரசத்துக்கு வந்தன. உங்கள் டிஸ்க் வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியாமல் இருந்தால் அடியில் பொடி எழுத்தில் தேடுங்கள், 1 டிபி என்றால் எத்தனை பைட் என்று பூஜ்யங்களோடு போட்டிருப்பார்கள்.

இதைத் தீர்க்க 1998-இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்குத் தனிப் பெயர்களே கொடுத்துவிட்டது, மெபிபைட், டெபிபைட் என்று. எழுதும்போது நடுவில் ஒரு ஐ சேர்ந்து எம்ஐபி, ஜிஐபி, டிஐபி என்று வரும். லினக்ஸ் கருவிகள் பலவற்றில் அந்த ஐ-யைப் பார்க்கலாம், பார்த்தால் 1024 கணக்கு என்று புரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் மட்டும் இத்தனை வருடமாக 1024 கணக்கில் எண்ணிவிட்டு ஐ இல்லாமல் ஜிபி என்றே எழுதிக்கொண்டிருக்கிறது. என்னைக் கேட்டால் தவறு அங்கேதான். ஒன்று ஆயிரத்துக் கணக்கில் காட்ட வேண்டும், அல்லது ஐ-யைச் சேர்க்க வேண்டும். கோடிக்கணக்கான பேர் கடைக்காரரைச் சந்தேகப்படுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கடைக்காரர் சொன்ன ஃபார்மேட் கதை ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது, என்னிடம் வரும் பாதிப் பேர் அதையே சொல்கிறார்கள். ஃபார்மேட் செய்தால் கோப்புகளின் பட்டியலுக்காகக் கொஞ்சம் இடம் போகும், உண்மை. ஆனால் அது 2 டிபி டிஸ்க்கில் சில நூறு எம்பிக்கு மேல் பெரும்பாலும் போகாது. 180 ஜிபியை விழுங்கும் ஃபார்மேட் எதுவும் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள், அடுத்து வருகிறவருக்குச் சரியாகச் சொல்வார்.

உங்கள் நண்பர் சொன்ன டூப்ளிகேட் விஷயம் வேறு. போலி டிஸ்க்கும் போலி பென்டிரைவும் சந்தையில் நிஜமாகவே இருக்கின்றன, ஆனால் அவை குறைத்துக் காட்டாது. உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப்பையே பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள், 32 ஜிபி சிப்பை வைத்துக்கொண்டு 2 டிபி என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும், விண்டோஸும் அதை நம்பி 1.81 என்று ஒழுங்காகக் காட்டும். 32-ஐத் தாண்டி எழுதும்போது பழையது அழியும் அல்லது புதியது எங்குமே பதியாது, கோப்பின் பெயர் மட்டும் இருக்கும், திறந்தால் ஓடாது. அதனால் காட்டும் எண்ணை வைத்து அசலா போலியா என்று சொல்லவே முடியாது, எழுதிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. டிஸ்க் காலியாக இருக்கும்போதே அதை ஓட்டிவிடுங்கள். டிஸ்க் முழுக்க எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். நொடிக்கு 100 எம்பி வேகம் என்றால் 2 டிபிக்கு எழுத 20,000 நொடி, ஐந்தரை மணி நேரம், படிக்க இன்னொரு ஐந்தரை. ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம், கரன்ட் போனாலும் நிற்காத மாதிரி லேப்டாப்பில் போடுங்கள்.

சரி, இரண்டு பழைய டிஸ்க் கணக்கு. 931-ஐயும் 931-ஐயும் கூட்டி 1862 ஜிபி என்றீர்கள், சரி. அதை டிபியாக்க ஆயிரத்தால் வகுத்து 1.862 என்றீர்கள், அங்கேதான் வழுக்கியது. 931 என்பது விண்டோஸ் சொன்ன எண், அது 1024 கணக்கு. அந்தக் கணக்கிலேயே மேலே ஏற வேண்டும், 1862-ஐ 1024-ஆல் வகுத்தால் 1.818. உங்கள் புது டிஸ்க்கின் 1.819-க்குச் சரியாக வந்து உட்காருகிறதா? உட்காரத்தான் செய்யும், 1 டிபியும் 1 டிபியும் 2 டிபி, அவ்வளவுதான். ஒரு கணக்கில் தொடங்கி இன்னொரு கணக்கில் முடித்தால் எப்போதும் இப்படித்தான் ஒரு தொகை காணாமல் போகும் அல்லது புதிதாக முளைக்கும்.

ஆனால் மயிரிழையில் கொள்ளும் என்பதால் கொட்டலாம் என்று அர்த்தம் இல்லை. டிஸ்க்கில் இடம் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒரு கோப்பு சிறியதானாலும் பெரும்பாலும் ஒரு முழுக் கட்டத்தை எடுத்துக்கொள்ளும். ஃபார்மேட்டில் பல வகை உண்டு. உங்கள் பழைய டிஸ்க் என்டிஎஃப்எஸ் வகையாக இருந்தால் கட்டம் பெரும்பாலும் 4 கேபி. மேக்கிலும் ஓட வேண்டும் என்று புது டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் வகை ஆக்கியிருந்தால் கட்டம் வழக்கமாக 128 கேபி. எடிட்டிங் மென்பொருள் போட்டுவைக்கும் குட்டிக் குட்டிக் கோப்புகள், தம்ப்நெயில், கேஷ் என்று ஒரு லட்சம் கோப்பு இருந்து, ஒவ்வொன்றிலும் சராசரியாகப் பாதிக் கட்டம் வீண் போனால் ஆறரை ஜிபி அப்படியே போய்விடும். மயிரிழையில் கொள்ள வேண்டியது கொள்ளாமல் போக அது போதும். முதலில் கேஷ் ஃபோல்டர்களை அழியுங்கள், அவை மறுபடி தானாக உண்டாகும். நகல் எடுத்த பிறகு இரண்டு பக்கத்து ஃபோல்டரிலும் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து 'சைஸ்' வரியில் உள்ள பைட் எண்ணை ஒப்பிடுங்கள், கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள 'சைஸ் ஆன் டிஸ்க்' இந்தக் கட்டக் காரணத்தால் வேறுபடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அப்புறம் நான் உண்மையில் சொல்ல நினைப்பது வேறு. பழைய டிஸ்க்குகளைக் காலி செய்து மறுபடி வேலைக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. வேண்டாம் தம்பி. 1914-இல் திறந்த அந்தப் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடுவது 2022 டிசம்பரோடு நின்றுவிட்டது, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்துவிட்டது. புதுப் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி நேராக மேலே ஏறுவதை நீங்கள் நாளைக்கும் ரோட்டுப் பாலத்தில் நின்று எடுக்கலாம். பழையது இரண்டாகப் பிரிந்து கை விரித்த மாதிரி திறப்பதையும் அதன் மேல் ரயில் ஊர்ந்து போவதையும் இனி யாரும் எடுக்க முடியாது. அந்தக் கோப்புகள் ஒரே டிஸ்க்கில் இருக்கவே கூடாது. புது டிஸ்க்கில் ஒரு நகல், பழைய டிஸ்க்கில் இருப்பது அப்படியே இன்னொரு நகல், ஒன்று ஸ்டுடியோவில், ஒன்று வேறு வீட்டில், முடிந்தால் கடலுக்குத் தள்ளி இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். இங்கே கடற்கரை ஊர்களிலிருந்து என்னிடம் ரிப்பேருக்கு வரும் டிஸ்க்குகளில் யுஎஸ்பி முனையில் பச்சை பூத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன், உப்புக் காற்றுதான். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள், மாதம் ஒருமுறை எடுத்து ஓட்டிப் பாருங்கள். புது வேலைக்குத் தனியாக இன்னொரு டிஸ்க் வாங்குங்கள். 4 டிபி வாங்கினால் 3.63 காட்டும், இப்போது பதறமாட்டீர்கள்.

பென்டிரைவுக்கு வருகிறேன். 64 ஜிபி என்பது 6,400 கோடி பைட், விண்டோஸில் 59.6. பல பென்டிரைவ்களில் உள்வேலைக்கு என்று கொஞ்சம் ஒதுக்கிவிடுவதால் 57, 58 என்று இன்னும் குறைந்தும் காட்டும். உங்கள் 61 விண்டோஸ் எண், பைட்டில் 6,549 கோடி. 6,400 கோடி இருக்கும் இடத்தில் 6,549 கோடி எப்படிப் போகும்? 128 ஜிபி கொடுத்துவிடுங்கள், அல்லது மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். நீங்கள் 100 எம்பிபிஎஸ்ஸில் (கேமரா நொடிக்குப் பதியும் அளவு, கணக்கு கீழே வருகிறது) எடுத்ததாக வைத்துக்கொண்டால் 61 ஜிபி என்பது சுமார் 87 நிமிட வீடியோ, அதையே 80 எம்பிபிஎஸ்ஸில் எக்ஸ்போர்ட் செய்தால் விண்டோஸில் 48.8 ஜிபிதான் வரும், கல்யாண வீட்டார் டிவியில் பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட் வகையாக இருந்தால், காலியாகவே இருந்தாலும் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. அந்த 4 ஜிபி 1024 கணக்கு, 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 பைட், 100 எம்பிபிஎஸ்ஸில் ஐந்தே முக்கால் நிமிடத்தில் எட்டிவிடும். எக்ஸ்ஃபேட் ஆக்கிக்கொள்ளுங்கள். கஸ்டமர் வீட்டு டிவி பழையது என்றால் அது எக்ஸ்ஃபேட் படிக்கிறதா என்று முன்னாடியே கேட்டுவிடுவது நல்லது.

உங்கள் தொழிலில் ஜிபியைவிட நிமிடத்தில் நினைப்பதுதான் பாதுகாப்பு. கேமராவில் 100 எம்பிபிஎஸ் என்று இருந்தால் அது நொடிக்கு 10 கோடி பிட், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் 1 கோடியே 25 லட்சம் பைட், நிமிடத்துக்கு 75 கோடி, மணிக்கு 4,500 கோடி, அதாவது 45 ஜிபி. இது ஆயிரத்துக் கணக்கு. கார்டு அட்டையில் போட்டிருப்பதும் ஆயிரத்துக் கணக்கு என்பதால் இரண்டையும் நேராக வகுக்கலாம்: 128-ஐ 45-ஆல் வகுத்தால் 2 மணி 50 நிமிடம். கார்டில் கொஞ்சம் குறையும், ஆகவே இரண்டே முக்கால் மணி என்று வைத்துக்கொண்டு அடுத்த கார்டைத் தயாராக வைத்திருங்கள். 2 டிபி டிஸ்க்கில் 44 மணி நேரம். கம்ப்யூட்டர் 1.81 என்று சொன்னாலும் 2 என்று சொன்னாலும் அந்த 44 மணி நேரம் மாறாது, ஏனென்றால் விண்டோஸ் அந்த ஒரு மணி நேரக் கோப்பையும் 45 என்று காட்டாமல் 41.9 என்றுதான் காட்டும்.

அவசரத்துக்கு வாய்க்கணக்கு வேண்டும் என்றால், அட்டையில் உள்ள ஜிபியை 0.93-ஆல் பெருக்கினால் விண்டோஸ் எண், டிபியை 0.91-ஆல். விண்டோஸ் காட்டும் ஜிபியை 1.074-ஆல் பெருக்கினால் அட்டை எண், டிபியை 1.1-ஆல். 500 ஜிபி டிஸ்க் 465 காட்டுவதும் 256 ஜிபி எஸ்எஸ்டி 238 காட்டுவதும் இதனால்தான். கஸ்டமருக்கு ஹார்டு டிஸ்க்கில் கொடுப்பதாக இருந்தால் பில்லிலேயே 'கம்ப்யூட்டரில் 465 ஜிபி எனக் காட்டும்' என்று எழுதிவிடுங்கள், நீங்கள் கடைக்காரரிடம் போய் நின்றது போல அவர்கள் உங்களிடம் வந்து நிற்க வேண்டாம்.

கடைசியாக நெட். நெட் கம்பெனி விற்பது பிட், டவுன்லோடு ஜன்னல் காட்டுவது பைட், எட்டு பிட் ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5. அந்த ஜன்னல் 1024 கணக்கில் காட்டினால் 11.9. நீங்கள் 12 பார்க்கிறீர்கள், கிட்டத்தட்ட முழு வேகம். கஸ்டமருக்கு 40 ஜிபி என்று விண்டோஸ் காட்டும் வீடியோவை அனுப்பப் போகிறீர்கள் என்றால், 4,295 கோடி பைட்டை நொடிக்கு ஒன்றேகால் கோடியால் வகுத்து 57 நிமிடம், இடையில் வேகம் குறையும் என்பதால் ஒன்றேகால் மணி நேரம் என்று சொல்லி வையுங்கள். அதற்கு முன் உங்கள் பிளானில் அப்லோடும் 100 தானா என்று பாருங்கள், பல பிளான்களில் அது குறைவாக இருக்கும். வைஃபை இல்லாமல் வயரை நேராக லேப்டாப்பில் செருகி வேகம் சோதித்து, பிட் கணக்கிலேயே 100-க்கு மிகக் கீழே வந்தால் மட்டும் புகார் கொடுங்கள்.